நிக்காஹ் தப்தரில் "நவ்முஸ்லிம்" என்று தனியாகக் குறிக்கலாமா?

மஹல்லா செயலர் (கேள்வி):

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதி) ஜமாஅத்தின் துணைவிதியைத் திருத்தி எழுதுகிறோம். பழைய விதியில் மூன்று இடங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, நிக்காஹ் தப்தரில் (திருமணப் பதிவேட்டில்) பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "ந.மு." (நவ்முஸ்லிம், அதாவது புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்) என்று எழுதும் வழக்கம். கலிமா சொல்லி, அதாவது இஸ்லாத்தை ஏற்று, 20 வருடம் ஆனவருக்கும் அந்தக் குறி போவதில்லை. அவர் மகனுடைய நிக்காஹிலும் "ந.மு. மகன்" என்று ஏறிவிடுகிறது. இரண்டாவது, இஸ்லாத்தைத் தழுவியவர் 5 வருடம் விடாமல் சந்தா கட்டினால்தான் தலைக்கட்டாக, அதாவது முழு உறுப்பினராக, பதிவார். அதுவரை பொதுக்குழுவில் ஓட்டு இல்லை. பரம்பரை முஸ்லிம் வெளியூரிலிருந்து குடிவந்தால் 6 மாதம் போதும். மூன்றாவது, வெளியூர்ச் சம்பந்தத்துக்கு நாம் கொடுக்கிற தடையில்லாக் கடிதத்தில் "பூர்வீகம்" என்றொரு வரி. அதைப் படித்துவிட்டுத்தான் பெண்வீட்டார் பின்வாங்குகிறார்கள்.

திருத்தலாம் என்றால் கமிட்டியில் இரண்டு பதில் வருகிறது. "குஃபு (மணமக்களுக்கிடையே நிகர்) பார்க்கணும்னு கிதாபுலயே (மார்க்கச் சட்ட நூலிலேயே) இருக்கே" என்பது ஒன்று. "கல்யாணத்துக்காக மாறி வர்றவனை எப்படி நம்புறது" என்பது இன்னொன்று. எதுவரைக்கும் நியாயமான விசாரணை, எங்கே பாகுபாடு தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டினால் உதவியாக இருக்கும். மார்க்கம், சட்டம், நடைமுறை மூன்றும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கிதாப் மாணவர்:

வஅலைக்குமுஸ்ஸலாம். குஃபு விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பாதி படித்தவர்கள் கையில் அதிகம் கெட்டுப்போனது இந்தச் சட்டம்தான்.

கிதாபில் இருப்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. மத்ஹபுகள் எனும் மார்க்கச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபியின் நூல்களில், அரபியர் அல்லாதோரிடையே "இஸ்லாத்திலும்" குஃபு பார்க்கப்படும் என்றிருக்கிறது. தானே இஸ்லாத்தைத் தழுவிய ஆண், முஸ்லிம் தகப்பனுக்குப் பிறந்த பெண்ணுக்கு நிகரில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தகப்பன், பாட்டன் என்று இரண்டு தலைமுறை முஸ்லிமாக இருந்துவிட்டால் அதற்கு மேல் எண்ணுவதில்லை. இன்னொரு மத்ஹபான ஷாஃபியின் நூல்களிலும் இதன் சாயல் உண்டு. ஆக, ஹனஃபிகளான ராவுத்தர் ஊரிலும் ஷாஃபிகளான மரைக்காயர் ஊரிலும் இந்த வாதம் கிளம்பத்தான் செய்யும்.

ஆனால் அதே கிதாபின் அடுத்த வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குஃபு பார்ப்பது மாப்பிள்ளை பக்கம் மட்டும். பெண்ணுக்குப் பார்ப்பதே கிடையாது. அப்படியிருக்க, இஸ்லாத்தைத் தழுவிய பெண்ணை மருமகளாக எடுக்க மறுக்கிறவர் "குஃபு இல்லை" என்று சொன்னால், அந்தக் கிதாபின்படியே அது தவறு. அடுத்தது, குஃபு என்பது பெண்ணுக்கும் அவள் வலீக்கும் (மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளர், பெரும்பாலும் தகப்பன்) உள்ள உரிமை. அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டால் நிக்காஹில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவதாக, அந்த உரிமை வலீயோடு நிற்கிறது. முத்தவல்லிக்கோ (பள்ளிவாசல் நிர்வாகி) செயலருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ அதில் பேச்சு இல்லை. பெண்ணும் தகப்பனும் சம்மதித்த பிறகு ஜமாஅத் தப்தரைத் திறக்க மறுத்தால், அந்த மறுப்புக்கு எந்த மத்ஹபும் துணை நிற்காது.

நூலாசிரியர்கள் சொல்லும் காரணத்தையும் கவனியுங்கள். மக்கள் எதை வைத்துப் பெருமை பேசிக்கொள்கிறார்களோ அதை வைத்துக் குஃபு என்பதுதான் அடிப்படை. வழக்கத்தின் மேல் நிற்கிற சட்டம் வழக்கம் மாறினால் மாறும். இமாம் மாலிக் மார்க்கப் பற்றைத்தான் குஃபுவுக்கு அளவாக வைத்தார். ஹனஃபிகளிலேயே இமாம் கர்கீ குஃபுவை நிபந்தனையாக ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் குறைஷிப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸை, விடுதலை பெற்ற அடிமையின் மகன் உஸாமாவுக்கு மணமுடிக்கச் சொன்னது முஸ்லிம் ஹதீஸ் நூலில் இருக்கிறது. அபூஹுதைஃபா தம் சகோதரர் மகளை, விடுதலை பெற்ற அடிமை ஸாலிமுக்குக் கட்டிக்கொடுத்தது புகாரியில் இருக்கிறது. மார்க்கப் பற்றும் குணமும் பிடித்தவர் பெண் கேட்டு வந்தால் கட்டிக்கொடுங்கள் என்ற திர்மிதி ஹதீஸை எல்லா நிக்காஹ் குத்பாவிலும் ஓதுகிறோம்.

சிவப்பு மைக்கு வருகிறேன். பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்பது குர்ஆன் 49:11. "நவ்முஸ்லிம்" வசைச் சொல் இல்லையே என்பார்கள். கலிமா சொன்ன அன்று அது வெறும் தகவல். பேரன் காலம் வரை ஒட்டிக்கொண்டே வந்தால் அது பட்டப்பெயர்தான். ஸஹாபாக்களில் (நபித்தோழர்களில்) பெரும்பாலோர் தாங்களாகத் தழுவியவர்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் நாம் எந்தக் குறியும் போடுவதில்லை.

பத்திரமும் சான்றும்:

இரண்டாவது கேள்விக்கு, அதாவது "எப்படி நம்புறது" என்பதற்கு, சட்டப் பக்கத்திலிருந்து.

மாப்பிள்ளையோ பெண்ணோ இஸ்லாத்தைத் தழுவியவர் என்றால், ஜமாஅத் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முந்தைய திருமணம் நிலுவையில் இருக்கிறதா? இந்துத் திருமணச் சட்டப்படி மணமானவர் மதம் மாறினால் திருமணம் தானாக முறியாது. விவாகரத்துக் கேட்க மறுதரப்புக்கு அது ஒரு காரணமாக அமையும், அவ்வளவுதான். முதல் மனைவி இருக்க, இரண்டாவது நிக்காஹுக்காக மாறி வந்தால் அந்த நிக்காஹ் செல்லாது, இருதார மணக் குற்றமும் சேரும். சரளா முத்கல் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ஏற்கெனவே மணமானவரா என்று கேளுங்கள். ஆம் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலோ துணையின் இறப்புச் சான்றோ வாங்குங்கள். இல்லை என்றால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம். இருவரின் வயதுச் சான்று. இதோடு விசாரணை முடிந்தது. இதையே பரம்பரை முஸ்லிம் மாப்பிள்ளையிடமும் கேட்பது நல்லது. துபாயில் ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு ஊரில் பெண் கேட்கிறவர்களும் இருக்கிறார்களே.

"எந்தச் சாதியிலிருந்து வந்தார்" என்ற கேள்விக்கு இந்த விசாரணையில் இடமே இல்லை.

தமிழ்நாட்டில் மதம் மாற அரசு அனுமதி எதுவும் வேண்டாம். 2002-இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே நீக்கப்பட்டது. தேவைப்படுவது ஆவணச் சங்கிலி. ஜமாஅத் தாளில் பதிவெண், கலிமா சொன்ன தேதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பம், முத்திரை ஆகியவற்றோடு ஒரு சான்று. அதை வைத்து அரசிதழில் பெயர், மத மாற்ற அறிவிப்பு. அரசிதழ் வந்த பிறகு ஆதார், அதற்குப் பின் ரேஷன் அட்டை, பான், வங்கி. ஆதாரில் மதத்துக்குக் கட்டமே இல்லை என்பதால், பிற்காலத்தில் அரசிதழும் ஜமாஅத் சான்றும்தான் பேசும். வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது எழுத்துக்கூட்டலில். சான்றில் "முகமது", அரசிதழில் "முஹம்மத்", ஆதாரில் "மொஹமட்" என்றாகிவிட்டால் பாஸ்போர்ட்டில் போய்ச் சிக்கும். முதல் சான்று எழுதும்போதே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, அந்த நபரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். நிக்காஹ் முடிந்ததும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லாருக்கும் பொது.

சாதிச் சான்றிதழில்தான் ஜமாஅத்துகள் அறியாமலே பெரிய அநியாயம் செய்கின்றன. பட்டியல் சாதியிலிருந்து இஸ்லாத்துக்கு வருகிறவர், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதியை இழக்கிறார். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் திறக்கவில்லை. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இருக்கிறது. அன்சார், தக்கனி, துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையது என்று ஏழு பிரிவுக்குத்தான் அந்தப் பட்டியல். புதிதாக வந்தவர் எந்தப் பிரிவு? 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாறி வந்தவர் இந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்றது. பிறகு 2024 மார்ச்சில், பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின, பட்டியல் சாதிகளிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகக் கருதலாம் என்று அரசு ஆணை வந்தது. விண்ணப்பத்தோடு அந்த ஆணையின் நகல், பழைய சாதிச் சான்று, அரசிதழ், ஜமாஅத் கடிதம் நான்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஜமாஅத் கடிதத்தில் "இவர் இன்ன தேதியில் இஸ்லாத்தைத் தழுவி எங்கள் மஹல்லாவில் மார்க்கத்தைப் பின்பற்றி வருகிறார்" என்று மட்டும் எழுதுங்கள். நல்லெண்ணத்தில் "லெப்பை" என்று எழுதிக்கொடுத்தால் பொய்ச் சான்றாகி, வேலை கிடைத்த பிறகுகூட ரத்தாகும். "இவன் எப்போ லெப்பை ஆனான்" என்ற முணுமுணுப்பில் கடிதமே தராமல் இழுத்தடிப்பது இன்னும் மோசம். அந்தப் பிள்ளை பழைய தகுதியையும் இழந்து, புதியதும் கிடைக்காமல் பொதுப் பிரிவில் நிற்கும்.

கீழத்தெரு சகோதரி:

ஆண்கள் எல்லாரும் தப்தரையே பேசுகிறீர்கள். பாகுபாடு அதிகம் நடக்கிற இடம் அடுப்படியும் பிரசவ அறையும். அதையும் துணைவிதியில் எழுத முடியும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் வலீ. தழுவிய பெண்ணின் தகப்பனார் முஸ்லிம் இல்லை என்றால் ஷாஃபி ஊர்களில் வலீ பொறுப்பு காஜிக்குப் போகிறது. ஹனஃபியில் வயது வந்த பெண் தானே ஒப்புக்கொள்ளலாம். நடப்பது என்ன? மாப்பிள்ளையின் மாமாவையோ நண்பரையோ வலீயாக உட்கார வைத்து அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை) எவ்வளவு என்று அவள் சார்பில் பேச ஆளே இல்லை. அதனால்தான் ஊரில் ஒரு பெண்ணுக்கு மூன்று பவுன் மஹர் என்றால் இவளுக்கு 786 ரூபாய் என்று எழுதிவிட்டு "எளிமையான நிக்காஹ்" என்கிறார்கள். வலீ மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும், மஹரை அவளோடு தனியாகப் பேசி முடிவுசெய்ய வேண்டும், ரொக்கமாகவோ நகையாகவோ அன்றே அவள் கையில் சேர வேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.

அடுத்தது தாய்வீடு. நம்மில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் கூட்டிப்போவது, நாற்பது நாள் பத்தியச் சாப்பாடு, பிள்ளைக்குக் காப்பு, எல்லாம் அவள் பிறந்த வீட்டார் செய்வது. தழுவிய பெண்ணுக்குப் பெற்றோர் பேச்சை நிறுத்தியிருப்பார்கள், அல்லது மாமியார் அங்கே போகவிட மாட்டார். "உனக்குத்தான் யாரும் இல்லையே" என்ற சொல் முதன்முதலாக விழுவது அந்த ஏழாம் மாதத்தில். சண்டை வந்து வெளியே வந்தால் போக இடமில்லை. தலாக் ஆனால் இத்தா (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்) இருக்கக் கூரை இல்லை. அந்தக் காலத்துக்குத் தங்குமிடமும் செலவும் கணவன் பொறுப்பு என்பதை அவளுக்காக எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. கணவன் இறந்துவிட்டால் மாமியார் வீட்டிலேயே வேலைக்காரி மாதிரி ஒதுங்கிக்கொள்கிறாள்.

இதற்கு வழி இருக்கிறது. நிக்காஹ் அன்றே மஹல்லாவில் ஒரு குடும்பத்தைத் தாய்வீட்டாராகப் பெயர் குறித்துப் பதிந்துவிடுவது. முதல் குடும்பம் ஊரைவிட்டுப் போனால் பார்த்துக்கொள்ள இரண்டாவதாக இன்னொரு குடும்பம். பிரசவத்துக்கு நாற்பது நாள், இத்தா காலம் (கணவன் இறந்தால் 4 மாதம் 10 நாள், தலாக் என்றால் மூன்று மாதவிடாய்), பெருநாள் வரிசை மூன்றும் அவர்கள் பொறுப்பு, செலவு பைத்துல்மாலிலிருந்து (ஜமாஅத்தின் பொது நிதி). பணத்தைவிட, "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்ல தெருவில் ஒரு வீடு இருக்கிறது என்று மாமியாருக்குத் தெரிவதுதான் அவளுக்குக் காவல்.

விருந்தையும் விடக்கூடாது. சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில்) சாப்பிடுகிற ஊர்களில், ஒரு சஹனுக்கு நாலு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். தழுவிய பெண் வந்து நின்றால் "அந்தப் பக்கம் இடம் இருக்கும்மா" என்று கை காட்டுகிறார்கள். கடைசியில் மாறி வந்த இரண்டு மூன்று பெண்கள் ஒரே சஹனில். யாரும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. ஆனால் பந்தியைத் தனியாகப் பிரித்துப் போட்டதுதான் அவள் விட்டுவந்த ஊரின் கதை. பரிமாற நிற்கிற பெண்கள் ஆளை உட்கார வைக்கும்போது கலந்து உட்கார வைத்தால் போதும்.

பெற்றோரைப் பார்க்கப் போவதைக் குற்றம் மாதிரி விசாரிப்பதையும் நிறுத்துங்கள். பெற்றோர் இணைவைக்கச் சொன்னால் கட்டுப்படாதே, ஆனாலும் உலக விஷயத்தில் அவர்களோடு நல்லவிதமாக நடந்துகொள் என்பது 31:15.

பொன்னானி வாசகர்:

கேரளத்திலிருந்து ஒரு குறிப்பு. மலபார்க் கரையில் "புசலான்" என்றொரு கூட்டம் உண்டு. மீனவர்களாக இருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்கள். "புது இஸ்லாம்" என்ற சொல்தான் தேய்ந்து அப்படி ஆனது. வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் "புது" போகவில்லை, சம்பந்தம் தனி என்றே நடந்துவந்தது. செயலர் சொல்லும் சிவப்பு மை என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

அதே கரையில் பொன்னானியில் மவூனத்துல் இஸ்லாம் சபா 1900-இலிருந்து இயங்குகிறது. தழுவ வருகிறவர்கள் அங்கே தங்கி ஓதிப் படித்துச் சான்றோடு போகிறார்கள். ஓதக் கற்றுக்கொடுக்கிற வேலையை அப்படி ஒரு நிறுவனம் செய்துவிடும். ஆனால் சான்றோடு ஊர் திரும்பியவருக்குப் பெண் கொடுப்பது மஹல்லாவின் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றாக வந்தன. ஊரோடு வந்தால் பள்ளிவாசல், மையவாடி (அடக்கத்தலம்), சம்பந்தம் எல்லாம் தங்களுக்குள்ளேயே அமைந்துவிடும். தனியாளாக வருகிறவருக்கு அது எதுவும் இல்லை. இன்று உங்கள் மஹல்லாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தனியாட்கள் என்பதை மனத்தில் வைத்து விதி எழுதுங்கள்.

மஹல்லா செயலர்:

ஜஸாக்கல்லாஹு கைரன். தாய்வீட்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். தகப்பன் பெயர்க் கட்டத்தில் "அப்துல்லாஹ்" என்று போடுகிறோம், இந்துப் பெயர் தெரியாமல் இருந்தால் அவருக்கே நல்லது என்று. இது சரியா? 5 வருட நிபந்தனையை 2 ஆகக் குறைக்கலாம் என்கிறார்கள், அது போதுமா?

கிதாப் மாணவர்:

தகப்பன் பெயரை மாற்றக் கூடாது. "அவர்களை அவர்களின் தந்தையர் பெயரால் அழையுங்கள்" என்பது 33:5. இஸ்லாத்தின் கடும் எதிரி அபூஜஹ்ல். அவர் மகன் இக்ரிமா தழுவிய பிறகும் இக்ரிமா இப்னு அபீஜஹ்ல்தான். மலேசியாவில் "பின் அப்துல்லா" போடும் வழக்கம் உண்டு. அங்கேயும் அந்தப் பெயரைப் பார்த்ததுமே மாறி வந்தவர் என்று தெரிந்துவிடுகிறது, ஆக மறைக்கிற நோக்கமும் நிறைவேறுவதில்லை. தகப்பன் பெயர் முருகேசன் என்றால் முருகேசன் என்றே எழுதுங்கள். அவருடைய சொந்தப் பெயரைக்கூட, பொருளில் தவறு இல்லையென்றால், மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கத்னாவையும் (விருத்தசேதனம்) சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஷாஃபியில் வாஜிப் (கட்டாயம்), ஹனஃபியில் சுன்னத் (நபிவழி). இரண்டிலுமே இஸ்லாத்தில் சேர அது நிபந்தனை இல்லை. "முதல்ல அதை முடிச்சுட்டு வா" என்று வாசலில் நிறுத்துவது தவறு. கலிமா, குளிப்பு, தொழுகை முதலில். பெரியவர்களுக்குச் செய்வதென்றால் அறுவை மருத்துவரிடம்தான். ஆற நாலைந்து வாரம் ஆகும், அந்த வாரங்களில் கூலி போகும், அதற்கும் சேர்த்து உதவுங்கள். ஜகாத் விஷயத்தில் "முஅல்லஃபதுல் குலூப்" (உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியோர்) பங்கு இப்போது இல்லை என்பது ஹனஃபி நிலை. அதைச் சொல்லி மறுக்கிறார்கள். அவர் ஏழையாக இருந்தால் ஃபகீர், மிஸ்கீன் (ஏழை, வறியவர்) பங்கில் தாராளமாகப் பெறலாம். மைக்கில் பெயர் வாசிக்காமல் கொடுங்கள்.

பத்திரமும் சான்றும்:

5 வருடத்தைப் பற்றி. 2025 வக்ஃபு திருத்தச் சட்டத்தில், 5 வருடம் இஸ்லாத்தைப் பின்பற்றியவர் என்று காட்டினால்தான் வக்ஃபு செய்யலாம் என்றொரு பிரிவு வந்தது. ஒருவர் எத்தனை வருடம் முஸ்லிம் என்று அளக்க அரசு யார் என்று நாமெல்லாம் கேட்டோம், கேட்டது சரி. அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே 5 வருடம் உங்கள் துணைவிதியில் இருக்கிறது. இரண்டாகக் குறைப்பதற்குப் பதில், குடிவந்த எல்லாருக்கும் உள்ள 6 மாதத்தையே வைத்துவிடுங்கள்.

மையவாடி விஷயத்தை யாரும் கேட்கவில்லை, ஆனால் நெருக்கடி அங்கேதான் வெடிக்கும். தழுவியவர் இறந்தால் பிறந்த வீட்டார் உடலைக் கேட்பார்கள். சந்தா பாக்கி, உறுப்பினர் இல்லை என்று ஜமாஅத்தும் தயங்கும். உயிரோடு இருக்கும்போதே, தன்னை இஸ்லாமிய முறைப்படி இந்த மஹல்லா மையவாடியில் அடக்கம் செய்ய வேண்டும் என்று நோட்டரி கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். ஒரு நகல் ஜமாஅத்தில், ஒன்று மனைவி அல்லது கணவரிடம், ஒன்று பிறந்த வீட்டுக்குத் தபாலில். பெற்றவர்கள் மையித்தைப் பார்க்க வந்தால் முகம் பார்க்க விடுங்கள். அதை மறுத்துத்தான் பல இடங்களில் காவல் நிலையம் வரை போகிறது.

சொத்திலும் ஒரு குழி இருக்கிறது. மதம் மாறியதால் பெற்றோர் சொத்தில் பங்கு போகாது. ஆனால் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவுப்படி, தாத்தா பாட்டி வழி உரிமை கிடையாது. இது நாட்டுச் சட்டம். முஸ்லிம் அல்லாதவரின் வாரிசுப் பங்கை எடுப்பது பற்றி மார்க்கம் சொல்வதை ஆலிமிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும். தழுவியவர் தம் முஸ்லிம் அல்லாத தாய் தகப்பனுக்கு, மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் (உயில்) எழுதலாம்.

மஹல்லா செயலர்:

வரைவு இது: "இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியவர் மஹல்லாவில் 6 மாதம் குடியிருந்தால் மற்ற உறுப்பினர்களைப் போலவே தலைக்கட்டாகப் பதியப்படுவார். தழுவிய விவரம் தனிப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். நிக்காஹ் தப்தரிலோ தடையில்லாக் கடிதத்திலோ குறிக்கப்படாது."

கீழத்தெரு சகோதரி:

நல்லது. முதல் வரியில் தழுவியவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "மஹல்லாவில் 6 மாதம் குடியிருக்கும் முஸ்லிம் எவரும்" என்று தொடங்குங்கள். தனிப் பதிவேடு யார் கையில் இருக்கும், யார் கேட்டால் திறக்கலாம் என்பதையும் எழுதுங்கள். அந்த நபர் எழுத்தில் கேட்டால் மட்டும் என்று இருக்கட்டும். மக்தப் (பிள்ளைகள் ஓதும் பள்ளி) சேர்க்கைப் படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அதில் "பாட்டனார் பெயர்" என்றொரு கட்டம் இருக்கும். அதையும் அடித்துவிடுங்கள்.